காதில் ஒன்றும் விழவில்லை: சிலேத்தாரில் பயிற்சி எடுக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் பயிற்சி எடுக்கிறீர்கள். பதினோராவது மணி நேரம். ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கி ஏறும் சர்க்யூட் பாடம். டவுன்விண்டில், அதாவது இறங்கும் திசைக்கு எதிராக ஓடுபாதைக்கு இணையாகப் போகும் பகுதியில், போய்க்கொண்டிருந்தபோது காது திடீரென்று அமைதியாகிவிட்டது. பக்கத்தில் பயிற்றுநரின் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் இரண்டு தடவை கூப்பிட்டதும் உங்களுக்குத் தெரியவில்லை. அவர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு, கோபுரத்துக்குப் பதில் சொல்லி, இறக்கினார். தரைக்கு வந்து பார்த்தால் உங்கள் ஹெட்செட் பிளக் பாதி வெளியே வந்திருக்கிறது. சின்ன விஷயம் என்று அவர் சொல்லிவிட்டார். உங்களுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அடுத்து சோலோ. தனியாக இருக்கும்போது இப்படி ஆனால் என்ன செய்வது? ரேடியோவுக்கு என்னென்ன கோளாறு வரும், எப்படிக் கண்டுபிடிப்பது? கோபுரம் பேசுவதில் பாதி புரியவில்லையே, என் ஆங்கிலம்தான் காரணமா? இவை மூன்றும் உங்கள் கேள்விகள்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் சிறு விமானங்களின் ரேடியோவையும் மின்னணுக் கருவிகளையும் பழுதுபார்த்தவன். நடுவில் தனியார் விமானி உரிமமும் எடுத்தேன். அதனால் அந்தப் பெட்டியை உள்ளிருந்தும் பார்த்திருக்கிறேன், வெளியிலிருந்தும் பார்த்திருக்கிறேன். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் தப்பான இடத்தில் இருக்கிறது. காதில் ஒன்றுமே விழாமல் போனால் அதற்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட வழிமுறை இருக்கிறது, நீங்கள் பத்திரமாக இறங்கலாம். பாதி கேட்டுவிட்டு முழுதாகக் கேட்டதாக நினைத்துக்கொள்வதற்குத்தான் எந்த வழிமுறையும் இல்லை. ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விதான் உண்மையில் முதல் கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அதற்கு முன் சில விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

முதலில் ஒன்று. விமானம் பறப்பதற்கு ரேடியோ தேவையில்லை. இறக்கைக்கும் இன்ஜினுக்கும் நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்பது தெரியாது. முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் எங்கே போகிறோம் என்று பார், அதற்கப்புறம்தான் பேச்சு: இந்த வரிசையை உங்கள் பயிற்றுநர் முதல் நாளே சொல்லியிருப்பார். ரேடியோ போனவுடன் மனிதர்கள் செய்கிற முதல் தப்பு, தலையைக் குனிந்து பொத்தான்களைத் திருக ஆரம்பிப்பது. அந்த நேரத்தில் மூக்கு மேலே போகும், வேகம் குறையும், டவுன்விண்ட் நீண்டுகொண்டே போகும். சிலேத்தாரில் அது சாதாரண விஷயமில்லை. வடக்கே நீரிணையைத் தாண்டினால் ஜோகூர். மேற்கே செம்பவாங் விமானத் தளம், தென்கிழக்கே பாய லேபார் தளம், கிழக்கே சாங்கி. இவ்வளவு நெருக்கமான வானத்தில் ஒரு நிமிடம் கவனிக்காமல் நேராகப் போனாலே வேறு யாருடைய இடத்துக்குள்ளோ நுழைந்துவிடுவீர்கள். ஆகவே காது அமைதியானதும் கை முதலில் ஸ்டிக்கில் இருக்கட்டும், கண் வெளியே இருக்கட்டும். உயரம், வேகம், ஓடுபாதை எந்தப் பக்கம், முன்னால் எந்த விமானம். இவை சரியாக இருந்தால் கோளாறைத் தேட உங்களுக்கு நேரம் இருக்கிறது.

சரி, தேடுவது எப்படி? உங்கள் விஷயத்தில், நீங்கள் எழுதியதிலேயே விடை இருந்தது. பக்கத்தில் இருக்கும் பயிற்றுநரின் குரலும் நின்றுபோனது என்றீர்கள். அந்தக் குரல் ரேடியோ வழியாக வருவதில்லை, விமானத்துக்குள் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசும் இன்டர்காம் வழியாக வருகிறது. கோபுரத்தின் குரலும் அவர் குரலும் வெவ்வேறு இடத்தில் புறப்பட்டு, கடைசியில் ஒரே பிளக் வழியாக உங்கள் காதுக்குள் வருகின்றன. இரண்டும் ஒரே கணத்தில் நின்றால் கோளாறு ரேடியோவில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஹெட்செட்டில், பிளக்கில், அல்லது எந்த ரேடியோவைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் ஆடியோ பேனலில் இருக்கிறது. இன்டர்காம் கேட்கிறது, கோபுரம் மட்டும் கேட்கவில்லை என்றால்தான் ரேடியோ பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒரு பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தேடல் முடிந்தது. சோலோவில் பக்கத்தில் யாரும் இல்லையே என்பீர்கள். உங்கள் குரலே போதும். ஏதாவது ஒரு வார்த்தையை மைக்கில் சத்தமாகச் சொல்லுங்கள். அது உங்கள் காதிலேயே கேட்டால் பிளக்கும் இன்டர்காமும் உயிரோடு இருக்கின்றன.

அந்தப் பிளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறு விமான ஹெட்செட்டின் வாலில் இரண்டு பிளக் தொங்கும். பருமனானது காதுக்கு, சற்று மெல்லியது மைக்குக்கு. இரண்டும் தனித்தனி வேலை. காது பிளக் நழுவினால் உங்களுக்கு நடந்தது நடக்கும். மைக் பிளக் நழுவினால் இன்னும் குழப்பம்: உங்களுக்கு எல்லாம் கேட்கும், நீங்கள் பொத்தானை அழுத்தினால் ரேடியோ ஒலிபரப்பும், ஆனால் குரல் போகாது. கோபுரத்தில் இருப்பவருக்கு ஒரு வெற்று அலை மட்டும் கேட்கும், "ஹ்ம்ம்" என்று ஓர் அடைப்பு, அதற்குள் பேச்சே இல்லை. பிளக்கை உள்ளே தள்ளும்போது இரண்டு தடுப்பு உண்டு. முதலில் ஒரு தடுப்பில் நிற்கும், உட்கார்ந்துவிட்டதுபோல் தோன்றும். இன்னும் அழுத்தினால் விரலில் ஒரு சின்ன "டக்" தெரியும். அந்த இரண்டாவது "டக்"தான் உண்மையானது. நம் ஊர் ஈரத்துக்கும் கடற்காற்றுக்கும் பித்தளைத் தொடுமுனையில் மெல்லிய படலம் படிந்துவிடும், அதனால் முழுதாக உள்ளே போனாலும் தொடர்பு விட்டு விட்டு வரும். பிளக்கை உள்ளே வைத்தபடியே நாலு தடவை திருகினால் படலம் சிராய்ந்து போகும். விமானத்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள், யாரும் சொல்லாவிட்டாலும். முழங்கால் இடித்தும், இருக்கையை முன்னால் இழுத்தும், வரைபடப் பை உரசியும் பிளக் நழுவுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் மேசைக்கு "ரேடியோ வேலை செய்யவில்லை" என்ற சீட்டோடு வந்த எத்தனையோ பெட்டிகளைத் திறந்து, சோதித்து, ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பிளக் சரி, ஆனால் கோபுரம் கேட்கவில்லை. அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இரண்டே விநாடியில் முடிந்துவிடும். ரேடியோவில் யாரும் பேசாதபோது இரைச்சலை மூடி வைக்கும் ஸ்குவெல்ச் என்ற ஏற்பாடு இருக்கிறது. பழைய ரேடியோக்களில் ஒலிக்குமிழை வெளியே இழுத்தால் அது திறந்துகொள்ளும், ஜி1000 போன்ற புதிய திரைகளில் குமிழை அழுத்த வேண்டும். திறந்ததும் காதில் "சர்ர்ர்" என்று அருவிபோல் இரைச்சல் வர வேண்டும். வந்தால் ரேடியோவின் கேட்கும் பகுதி, ஒலி அளவு, பேனல், ஹெட்செட் எல்லாம் வேலை செய்கின்றன என்று பொருள். அப்படியானால் நீங்கள் தப்பான அலைவரிசையில் இருக்கிறீர்கள், அல்லது அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை. இரைச்சலும் வராவிட்டால் ஒலிக்குமிழைப் பாருங்கள், பேனலில் எந்த ரேடியோ தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள், இரண்டாவது ரேடியோவுக்கு மாறுங்கள். அலைவரிசையை மாற்றும்போது கடைசி இலக்கத்தில் கை தவறுவது சாதாரணம். மாறவேண்டிய அலைவரிசை காத்திருக்கும் கட்டத்திலேயே இருக்க, மாற்றுப் பொத்தானை அழுத்த மறப்பது அதைவிடச் சாதாரணம்.

தூரம் ஒரு காரணமாக இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். விமானங்கள் பேசும் அலை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது, பார்வைக் கோட்டில் போவது. 1000 அடி உயரத்தில் இருந்தாலே ஏறத்தாழ 39 கடல் மைல் வரை எட்டும். சிங்கப்பூரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதற்குள் அடங்கிவிடும். ஆகவே இங்கே தூரத்தால் கெடுவது அபூர்வம். தரையில் கொட்டகைகளுக்கு நடுவே நிற்கும்போது சுவர் மறைப்பதும், சாய்ந்து திரும்பும்போது விமானத்தின் உடலே ஆன்டெனாவை மறைப்பதும் உண்டு. சில அடி நகர்ந்தால், அல்லது இறக்கையை நேராக்கினால் சரியாகிவிடும். மழை மேகம் பக்கத்தில் இருந்தால் மின்னலின் "பட் பட்" ஒலி குறுக்கே வரும், அதற்குக் காரணம் இந்த ரேடியோக்கள் அலையின் வலுவை ஏற்றி இறக்கிக் குரலை அனுப்பும் ஏஎம் முறையில் இயங்குவது.

ஏன் இன்னும் ஏஎம்? பண்பலை வானொலியில் அவ்வளவு தெளிவாகப் பாட்டு கேட்கிறோமே? இதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு அவசியம் என்று நினைக்கிறேன். எஃப்எம் முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை ஜெயிக்கும், மற்றது காணாமலே போய்விடும், கேட்பவருக்கு இன்னொருவர் பேசினார் என்றே தெரியாது. ஏஎம் முறையில் இரண்டும் கலந்து "கீய்ய்ய்" என்று ஓர் அருவருப்பான கீச்சொலி வரும். அந்தக் கீச்சொலி ஒரு செய்தி. யாரோ இருவர் மோதிக்கொண்டார்கள், யாரோ சொன்னது யாருக்கோ போய்ச் சேரவில்லை என்று அது சொல்கிறது. அதைக் கேட்டால் வெறும் சத்தம் என்று கடந்துபோகாதீர்கள். உங்களுக்கான செய்தி அதற்குள் இருந்திருக்கலாம்.

இனி பொத்தான் ஒட்டிக்கொள்ளும் கோளாறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே நடந்தது. நான் பயிற்சி எடுத்த காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சர்க்யூட்டில் எங்களைத் தவிர இன்னும் இரண்டு விமானங்கள். பழைய வகை விமானம், கட்டுப்பாட்டுச் சக்கரத்தின் இடது கொம்பில் ரப்பர் மூடிய பேச்சுப் பொத்தான். டவுன்விண்டில் நான் பேசி முடித்து விரலை எடுத்தேன். ரப்பர் மேலே வந்தது, உள்ளே இருந்த பொத்தான் வரவில்லை. எங்களுக்குத் தெரியாது. பயிற்றுநர் இறங்கும்போது மூக்கை எப்போது தூக்குவது என்று விளக்கிக்கொண்டிருந்தார், நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவும் அலைவரிசை முழுக்க ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. ரேடியோ ஒலிபரப்பும்போது கேட்காது, அதனால் கோபுரம் எங்களைக் கூப்பிட்டாலும் எங்கள் காதில் விழ வழியில்லை. மற்றவர்களும் பேச முடியாது. மூன்று விமானங்களும் ஒரு கோபுரமும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன.

கண்டுபிடித்தது பயிற்றுநர்தான். பேச்சின் நடுவில் சட்டென்று நிறுத்தி, "இன்று ஏன் இவ்வளவு அமைதி?" என்றார். சனிக்கிழமை காலையில் அந்த அலைவரிசை அரை நிமிடம் சும்மா இருக்காது. ரேடியோவின் முகப்பைப் பார்த்தார். ஒலிபரப்பாகிறது என்று காட்டும் சின்ன எழுத்து எரிந்துகொண்டிருந்தது. உடனே அந்த ரேடியோவை அணைத்துவிட்டு, இரண்டாவது ரேடியோவில் தன் பக்கத்துப் பொத்தானால் கோபுரத்தைக் கூப்பிட்டார். நான் நகத்தால் ரப்பரின் விளிம்பைத் தூக்கிப் பொத்தானை நிமிர்த்தினேன், "டிக்" என்று எழுந்தது. அதற்குள் பின்னால் வந்த விமானம் இறங்க அனுமதி கேட்க முடியாமல் தானாகவே கோ அரவுண்ட் செய்திருந்தது, அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட்டது. அந்த விமானி செய்தது முற்றிலும் சரி. அனுமதி காதில் விழவில்லை, ஆகவே இறங்கவில்லை. நான் அவருக்கு இன்றுவரை நன்றியோடிருக்கிறேன்.

புதிய திரைகளில் அலைவரிசைக்குப் பக்கத்தில் "டிஎக்ஸ்" என்று தெரியும், பொத்தான் ஒட்டிக்கொண்டால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதும் ரேடியோ தானே ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ளும், எச்சரிக்கையும் வரும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் பேசி முடித்ததும் அந்த எழுத்து அணைந்ததா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அசாதாரணமான அமைதியும் ஒரு சத்தம்தான்.

மின்சாரக் கோளாறைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் நின்றுபோனால் பேட்டரியில் ஓடும். கேட்பதற்கு ரேடியோவுக்கு மின்சாரம் கொஞ்சம் போதும், பேசுவதற்கு நிறைய வேண்டும். அதனால் பேட்டரி தளரும்போது முதலில் போவது உங்கள் குரல். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், குரல் இருக்கும்போதே கோபுரத்திடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள், இறங்கப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயம் அது இல்லை.

இப்போது சோலோ. எல்லாச் சோதனையும் செய்தாகிவிட்டது, ரேடியோ உண்மையிலேயே செத்துவிட்டது. என்ன செய்வது?

ராடாருக்கு உங்கள் எண்ணை அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் 7600 போடுங்கள். ரேடியோ போய்விட்டது என்று ராடார் திரையில் உடனே தெரியும். 7500 கடத்தலுக்கு, 7700 மற்ற அவசரங்களுக்கு. அவசரத்தில் இலக்கம் மாறிவிடாமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள். நீங்கள் இருப்பது எங்கே என்று கோபுரத்துக்கு ஏற்கெனவே தெரியும், ஏனென்றால் சர்க்யூட்டில் அவர்கள் கண் முன்னால்தான் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்பார்த்த பாதையிலேயே போங்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள். கேட்கும் பகுதி மட்டும் போயிருக்கலாம், உங்கள் குரல் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கலாம். ஆகவே வழக்கமான இடங்களில் வழக்கமான அறிவிப்பைச் செய்யுங்கள்: "டிரான்ஸ்மிட்டிங் பிளைண்ட் டியூ டு ரிசீவர் ஃபெயிலியர்" என்று தொடங்கி, செய்தியை முழுதாக ஒரு தடவை சொல்லி, மறுபடியும் முழுதாக ஒரு தடவை சொல்லுங்கள். மாறாக உங்கள் குரல் மட்டும் போயிருந்தால் கோபுரம் சொல்வது உங்களுக்குக் கேட்கும். கேட்டால் இறக்கையை ஆட்டு, அல்லது டிரான்ஸ்பாண்டரில், ராடார் திரையில் உங்களைத் தனித்துக் காட்டும் ஐடென்ட் பொத்தானை அழுத்து என்பார்கள். செய்யுங்கள். அதோடு இருவருக்கும் நடுவில் பேச்சு தொடங்கிவிட்டது.

இரண்டும் போய்விட்டால் விளக்கு இருக்கிறது. கோபுரத்தில் இருப்பவர் துப்பாக்கிபோல் கையில் பிடித்து உங்களை நோக்கிக் காட்டும் விளக்கு. நீங்கள் வானத்தில் இருக்கும்போது நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருங்கள். விட்டு விட்டு எரியும் பச்சை என்றால் இறங்குவதற்குத் திரும்பி வாருங்கள், நிலையான பச்சை பிறகு வரும். விட்டு விட்டு எரியும் சிவப்பு என்றால் இந்த நிலையம் பத்திரமில்லை, இறங்காதீர்கள். விட்டு விட்டு எரியும் வெள்ளை என்றால் இந்த நிலையத்திலேயே இறங்கி நிறுத்துமிடத்துக்குப் போங்கள். தரையில் இருக்கும்போது அதே நிறங்களுக்கு வேறு பொருள்: நிலையான பச்சை புறப்படலாம், விட்டு விட்டுப் பச்சை நகரலாம், நிலையான சிவப்பு நில், விட்டு விட்டுச் சிவப்பு ஓடுபாதையை விட்டு விலகு, விட்டு விட்டு வெள்ளை புறப்பட்ட இடத்துக்கே திரும்பு. பகலில் இறக்கையை ஆட்டி, புரிந்தது என்று காட்ட வேண்டும். பேஸிலும் ஃபைனலிலும், அதாவது ஓடுபாதையை நோக்கித் திரும்பும் பகுதியிலும் இறங்கும் கடைசி நேர்ப்பாதையிலும், ஆட்டத் தேவையில்லை, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். தாழ்வாக, மெதுவாகப் போகும்போது இறக்கையை ஆட்டுவது நல்லதும் இல்லை.

புத்தகத்தில் இதைப் படிப்பது ஒன்று, பார்ப்பது வேறு. ஒரு தடவை தரையில் நின்ற விமானத்திலிருந்து கோபுரத்தைக் கேட்டுக்கொண்டு விளக்கைக் காட்டச் சொன்னோம். காலை பத்து மணி வெயில். பெரிய பச்சை வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். கோபுரக் கண்ணாடியில் வானம் முழுக்கப் பளபளக்க, அதற்குள் ஒரு பச்சைப் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் கண்டுபிடிக்கச் சில விநாடிகள் ஆயின. ஆகவே சோலோவுக்கு முன்னாலேயே டவுன்விண்டிலிருந்தும் பேஸிலிருந்தும் கோபுரம் எங்கே தெரிகிறது, எந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிப் பரப்பில், சர்க்யூட்டுக்கு வெளியே இருக்கும்போது ரேடியோ போனால்? மேகத்துக்குள் நுழையாமல், பார்வை தெளிவாக இருக்கும் இடத்திலேயே பறந்து, பொருத்தமான அருகிலுள்ள நிலையத்தில் இறங்கி, உடனே தகவல் சொல்ல வேண்டும் என்பது பொது விதி. சிலேத்தாருக்குத் திரும்பும் வழி, உயரம், எந்த இடத்தில் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பள்ளியின் நடைமுறையில் இருக்கும். அதைப் பயிற்றுநரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி முழங்கால் பலகையில் செருகி வையுங்கள். இங்கே அது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2008 ஜனவரியில், அனுமதி பெற்ற பயணத் திட்டம் இல்லாமல் ஒரு சிறிய செஸ்னா விமானம் நம் வான்வெளிக்குள் வந்தது. ஆகாயப் படையின் எஃப்-16 விமானங்கள் எழும்பி அதைச் சாங்கிக்குக் கூட்டி வந்தன, சாங்கி விமான நிலையமே சுமார் 50 நிமிடம் மூடப்பட்டது. அது ரேடியோ கோளாறு இல்லை, வேறு கதை. ஆனால் யாரென்று தெரியாத ஒரு சிறு விமானத்தை இந்த ஊர் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளும் என்பதை அது காட்டுகிறது. 7600ம் எதிர்பார்த்த பாதையும் உங்களை யாரென்று அடையாளம் காட்டுகின்றன. அவை இருக்கும்வரை நீங்கள் அவர்களுக்கு உதவி தேவைப்படும் ஒரு மாணவர், அவ்வளவுதான். வழியில் மற்ற விமானங்களை விலக்கி உங்களுக்கு இடம் செய்து கொடுப்பார்கள்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. கோபுரம் சொல்வதில் பாதி புரியவில்லை, புரிந்ததாகத் தலையாட்டிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி அதுதான்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃபே தீவில் என்ன நடந்தது என்று உங்கள் பாடத்தில் வந்திருக்கும். மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. கேஎல்எம் விமானம் ஒரு முனையில் புறப்படத் தயாராக நிற்கிறது, பான் ஆம் விமானம் அதே ஓடுபாதையில் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. கேஎல்எம் துணை விமானி புறப்படும் நிலையில் இருக்கிறோம் என்ற பொருளில், இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வாக்கியம் சொன்னார். கோபுரம் "ஓகே" என்றது. சற்று நிறுத்தி, பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றது. அதே விநாடியில் பான் ஆம், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்றது. இரண்டும் மோதின. கேஎல்எம் விமானிகளின் காதில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே". மீதி அந்தக் கீச்சொலியில் மங்கிவிட்டது. 583 பேர் இறந்தார்கள். யாருடைய ரேடியோவும் பழுதாகவில்லை, தம்பி. எல்லா ரேடியோவும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கப்புறம்தான், புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர "டேக் ஆஃப்" என்ற சொல்லையே ரேடியோவில் பயன்படுத்தக் கூடாது என்று ஆனது.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. பெரியவர் ஏதாவது சொன்னால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் முதலில் "சரி" என்போம். திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். என் அப்பாவிடம் நான் இரண்டாம் தடவை எதையும் கேட்டதே இல்லை. அந்த "சரி" விமானத்தில் ஏறும்போது "ரோஜர்" ஆகிவிடுகிறது. ரோஜர் என்றால் நீங்கள் சொன்னது முழுதும் காதில் விழுந்தது என்று பொருள். பாதி விழுந்ததற்கு ரோஜர் சொல்வது பொய் சொல்வதற்குச் சமம். கோபுரத்தில் இருப்பவர் உங்களைவிட வயதில் பெரியவராக இருக்கலாம், அவசரத்தில் இருக்கலாம், குரலில் எரிச்சல்கூட இருக்கலாம். பரவாயில்லை. "சே அகெய்ன்" என்று கேளுங்கள். மூன்றாம் தடவையும் புரியவில்லையென்றால் "சே அகெய்ன் ஸ்லோலி" என்று கேளுங்கள். செய்ய முடியாத ஒன்றைச் சொன்னால் "அனேபிள்" என்று சொல்லுங்கள். சோலோ போகும்போது நீங்கள் மாணவர் என்பதையும் சொல்லிவிடுங்கள், அவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிகள் சொன்னது, ரீட்பேக் என்று விமானிகள் செய்வதேதான். ஓடுபாதைக்குள் நுழைவது, குறுக்கே கடப்பது, அதற்கு வெளியே நிற்பது, புறப்படுவது, இறங்குவது, உயரமானிக்கான காற்றழுத்த அளவு, உயரம், திசை, டிரான்ஸ்பாண்டர் எண்: இவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விதியே இருக்கிறது. வெறும் ரோஜர் அங்கே செல்லாது.

உங்கள் ஆங்கிலம் காரணமா? என் கருத்து, இல்லை. இங்கே பள்ளியில் படித்தவருக்கு ஆங்கிலம் பற்றாக்குறையாக இருக்காது. சர்வதேச விதி கேட்பது ஆறு நிலைகளில் நான்காம் நிலை, அதை நீங்கள் தாண்டியிருப்பீர்கள். உங்களுக்குப் புரியாததற்குக் காரணம், அடுத்து என்ன வரும் என்று இன்னும் தெரியாமல் இருப்பது. ரேடியோப் பேச்சு மொழியைவிடச் சடங்குக்கு நெருக்கமானது. கல்யாணத்தில் ஐயர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரிந்தவருக்கு அவர் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் புரியும். டவுன்விண்டில் கோபுரம் சொல்லக்கூடியவை ஐந்தாறு விஷயங்கள்தான்: நீங்கள் எத்தனையாவது, யாரைப் பின்தொடர வேண்டும், டவுன்விண்டை நீட்ட வேண்டுமா, சுற்ற வேண்டுமா, எங்கே மறுபடி கூப்பிட வேண்டும். பொத்தானை அழுத்துமுன்பே அந்தப் பட்டியல் மனத்தில் ஓடினால் பதில் பாதி புரிந்த மாதிரிதான்.

எண்கள் மட்டும் தனிப் பயிற்சி கேட்பவை. மூன்றை "ட்ரீ" என்றும் ஐந்தை "ஃபைஃப்" என்றும் ஒன்பதை "நைனர்" என்றும் சொல்லச் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. இரைச்சலில் "ஃபைவ்"வும் "நைன்"னும் ஒன்றுபோல் கேட்கும். நம் நாக்குக்கு இன்னொரு கவனம் வேண்டும்: அவசரத்தில் "ஃபைஃப்" "பைப்" ஆகிவிடும். உதட்டைப் பல்லில் தொட்டுச் சொல்லப் பழகுங்கள். சிலேத்தாரின் ஓடுபாதை எண்கள் 03, 21. காற்று 210 திசையிலிருந்து வரும் நாளில் "டூ ஒன்" என்று கேட்டவுடனே அது ஓடுபாதையா காற்றா என்று ஒரு கணம் தடுமாறுவீர்கள். முழு வாக்கியமும் முடியும்வரை காத்திருங்கள்.

என் அக்கா மகன் பயிற்சி எடுத்தபோது பொங்கோலில் அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இதைப் பழகினான். நான் தாளில் பத்துப் பதினைந்து கோபுரச் செய்திகளை எழுதிக் கொடுத்தேன். அக்காதான் கோபுரம். சட்டினிக்குத் தேங்காயைப் போட்டு மிக்சியை ஓடவிட்டு, அதற்கு மேல் சத்தமாக, கலைந்த வரிசையில் வாசிப்பாள். அவன் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, காதில் விழுந்ததைத் துண்டுத் தாளில் குறித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் தப்பும் தவறுமாகப் போனது. அவன் ஊகித்துச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அக்கா மிக்சியை நிறுத்திவிட்டு, "நீ கேட்டியா, நினைச்சியா?" என்பாள். விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். ஆனால் அந்தக் கேள்வியைவிட நல்ல கேள்வியை எந்தப் பயிற்றுநரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மூன்றாம் வாரத்தில் அவன் கூச்சமில்லாமல் "சே அகெய்ன்" கேட்க ஆரம்பித்தான். அன்றுதான் எனக்கு அவனைத் தனியாக அனுப்பலாம் என்ற நம்பிக்கை வந்தது.

உங்கள் பயிற்றுநரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். சோலோவுக்கு முந்தின பாடங்களில் ஒன்றில், டவுன்விண்டில் சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் ஹெட்செட்டின் ஒலிக்குமிழை அவர் முழுக்கக் குறைத்துவிடட்டும். அவர் காதில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும், நீங்கள் மட்டும் அமைதியில் என்ன செய்கிறீர்கள் என்று அவர் பார்க்கட்டும். இன்னொன்று, போக்குவரத்து குறைவான ஒரு நேரத்தில் கோபுரத்திடம் விளக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். காலை வெயிலில் கேட்டால் இன்னும் நல்லது, அந்தப் பட்டாணி எவ்வளவு சின்னது என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.